கதைப் புத்தகம் வீட்டுக்கு வரட்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு மாலைகள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் நடக்கும் மாலை நேர வகுப்புக்குச் சென்று வருகிறேன். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரத்தான் அழைத்தார்கள். ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டுப் பாடம் நின்றுபோனபோது, 'உங்கள் வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு என்ன புத்தகம் இருக்கிறது?' என்று பிள்ளைகளிடம் கேட்டேன். விவிலியம், அண்ணன் வாங்கிய குரூப் 4 தேர்வு வழிகாட்டி, ராசிபலன் புத்தகம், வண்டி வாங்கியபோது கூடவே வந்த கையேடு என்று பதில்கள் வந்தன. கதைப் புத்தகம் இருப்பதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி, அது பள்ளிப் போட்டியில் பரிசாகக் கிடைத்தது என்றும், அழுக்காகிவிடும் என்பதால் அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்றும் சொன்னாள்.

இதைக் கேட்டு அந்தப் பெற்றோரைக் குறை சொல்லிவிடக் கூடாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தப் பகுதியில், பிள்ளையின் படிப்புக்காக வருமானத்துக்கு மீறிச் செலவு செய்யாத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மீன் ஏலம் எடுக்கும் பெண்ணும், கன்டெய்னர் லாரி ஓட்டுபவரும், ஒப்பந்தத் தொழிலாளியாக மூன்று ஷிப்ட் மாறி மாறிச் செல்பவரும் டியூஷன் கட்டணத்தை மாதம் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். கதைப் புத்தகம் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிள்ளைகளுக்குச் சில கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கிய முதல் வாரமே, இறால் உரிக்கும் வேலைக்குச் செல்லும் ஒரு தாய் நேரில் வந்து கேட்டார்: 'கத பொஸ்தகம் படிச்சா மார்க் வருமா சார்?'

முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அறியாமையில் பிறந்த கேள்வி அல்ல. கையில் இருக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் எதில் அதிகப் பலன் கிடைக்கும் என்று கேட்பதுதான் எங்கள் துறையின் அடிப்படைக் கேள்வி. 'வாசிப்பு மனிதனை முழுமையாக்கும்' என்று மேடையில் பேசுவதைப்போல அவருக்குப் பதில் சொல்லி அனுப்புவது நியாயமாகாது. அவர் கேட்ட மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியும் என்றும் நினைக்கிறேன்.

பதினைந்து வயது மாணவர்களின் திறனை அளவிடும் 'பீசா' என்ற பன்னாட்டுத் தேர்வின் தரவுகளைக் கொண்டு, ஜான் ஜெர்ரிம், ஜெம்மா மாஸ் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 35 நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் விருப்பத்துக்காக எதைப் படிக்கிறார்கள் என்பதை அவர்களது வாசிப்புத் திறனோடு ஒப்பிட்டார்கள். நாளிதழ், வார இதழ், தகவல் நூல், படக்கதை ஆகியவற்றைவிடக் கதைகளையும் நாவல்களையும் அடிக்கடி படிப்பவர்களிடமே திறன் தெளிவாகக் கூடியிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரு கதையைப் பின்தொடர வேண்டுமானால், நாற்பது பக்கத்துக்கு முன்னால் சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டும். தெரியாத சொல்லுக்கு இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். தேர்வில் நீண்ட வினாவைப் படித்துப் புரிந்துகொள்வதற்கும் இதே திறன்தான் வேண்டும்.

அதே பீசா தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில்தான் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் நாம் ஏறக்குறைய அடிமட்டத்தில் இருந்தோம். அண்மைக் காலத்துக்கு வந்தால், 'அசர்' ஆய்வின் 2022 அறிக்கைப்படி தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்கவில்லை. கரோனாவுக்குப் பிந்தைய ஆண்டு என்பதையும், அதன்பின் நிலைமை சற்று மேம்பட்டிருப்பதையும் கணக்கில் கொள்ளலாம். ஆனால் அது ஊரகப் பகுதிகளுக்கான ஆய்வு. ராயபுரத்துக் குழந்தையும் திருவொற்றியூர்க் குழந்தையும் அதில் இல்லை.

இன்னும் இரண்டு ஆய்வுகள் அந்தத் தாயின் கேள்விக்கு நெருக்கமானவை. மரியா எவன்ஸ் உள்ளிட்ட சமூகவியலாளர்கள் 2010-இல் 27 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தனர். 500 புத்தகங்கள் உள்ள வீட்டில் வளர்ந்த குழந்தை, புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்த குழந்தையைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகப் படித்திருந்தது. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கணக்கிலெடுத்த பிறகும் இந்த வேறுபாடு நீடித்தது. 500 புத்தகம் என்றதும் மலைக்க வேண்டாம். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. படிப்பு குறைந்த பெற்றோரின் வீட்டில்தான் புத்தகத்தின் பலன் அதிகம். அதிலும் முதல் சில புத்தகங்களின் பலன் மிக அதிகம். குறைந்துசெல் விளைவு விதியை வகுப்பில் எத்தனையோ முறை நெல்லையும் உரத்தையும் வைத்து விளக்கியிருக்கிறேன். அண்ணா நகர் வீட்டு அலமாரியில் சேரும் இருநூறாவது புத்தகத்தைவிட, எண்ணூர் வீட்டுக்குள் நுழையும் முதல் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மற்றொன்று, இத்தாலியப் பொருளாதார அறிஞர்கள் புருனெல்லோ, வெபர், வைஸ் ஆகியோரின் ஆய்வு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த ஆண்களின் வாழ்நாள் வருமானத்தை அவர்கள் கணக்கிட்டனர். கூடுதலாக ஓராண்டு பள்ளியில் படித்தால் வருமானம் சராசரியாக 9 சதவீதம் உயர்ந்தது. ஆனால் பத்து வயதில் வீட்டில் ஒரு தட்டு நிறையக்கூடப் புத்தகம் இல்லாதவர்களுக்கு அந்த உயர்வு 5 சதவீதம். இருந்தவர்களுக்கு 21 சதவீதம். அதாவது, பள்ளிக்குச் செலவிடும் அதே ஓராண்டு, புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நான்கு மடங்கு பலன் தந்திருக்கிறது. டியூஷனுக்குக் கட்டும் பணம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் வீட்டில் கதைப் புத்தகமும் இருக்கட்டும் என்று அந்தத் தாயிடம் சொன்னது இதை மனத்தில் வைத்துத்தான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. புத்தகம் வாங்கும் வீடு வேறு பல வகைகளிலும் வேறுபட்ட வீடாக இருக்கலாம். எல்லா வேறுபாட்டையும் புள்ளியியல் பிடித்துவிடாது. ஐரோப்பாவின் கணக்கு அப்படியே காசிமேட்டுக்குப் பொருந்தும் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் ஒரு புத்தகத்தின் விலை ஐம்பது அறுபது ரூபாய். ஊகம் தவறாகவே போனாலும் நட்டம் அவ்வளவுதான்.

வடசென்னைக்குக் கதைப் புத்தகம் அந்நியமான பொருளும் அல்ல. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை போன்ற 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களைத் தமிழகமெங்கும் கொண்டுசென்ற பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் பதிப்பகம் கொண்டித்தோப்பில்தான் இயங்கியது. அதற்கும் முன்பே குஜிலிக்கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டும் கதையும் விற்றார்கள். அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் மங்கலான விளக்கொளியில் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்காக. கதை வாசிப்பு நம்மிடம் ஒரு வீட்டுச் செயலாக, தெருச் செயலாகவே தொடங்கியது. நூறாண்டுகளுக்கு முன்பு நாவல் பரவியபோது அது இளைஞரையும் பெண்களையும் கெடுத்துவிடும் என்று அன்றைய படித்தவர்கள் பெரும் கூச்சல் எழுப்பியதும் நம் வரலாறுதான். அந்தக் கூச்சல் ஓயவில்லை. கெடுத்துவிடும் என்பது இப்போது மதிப்பெண் குறைந்துவிடும் என்று மாறியிருக்கிறது.

நான் வளர்ந்ததும் திருவொற்றியூரில்தான். தந்தை ஆலைத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் அவர் உறங்குவார். சத்தம் போடக்கூடாது என்பதால் எங்களை ஒரு மூலையில் உட்காரவைத்து அம்புலிமாமாவைக் கையில் கொடுத்துவிடுவார் அம்மா. எங்கள் வீட்டில் வாசிப்புப் பழக்கம் வந்தது இலக்கிய ஆர்வத்தால் அல்ல, அப்பாவின் தூக்கத்தால். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழில் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வாடகை நூலகத்தில் அதை எடுக்க வரிசையில் நின்றிருக்கிறேன். படக்கதையால் வாசிப்புத் திறன் கூடவில்லை என்று மேலே சொன்ன ஆய்வு கூறுகிறது. இருக்கலாம். ஆனால் மாயாவி இல்லாமல் நான் நாவலுக்கு வந்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படி வளர்ந்த நான் என் மகளுக்குச் செய்தது வேறு. அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, அவளுடைய கதைப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். தேர்வு முடிந்ததும் எடுத்துத் தருகிறேன் என்றேன். பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நுழைவுத் தேர்வு என்று சாக்கு பரணிலேயே இருந்தது. நல்ல மதிப்பெண் பெற்றாள், நல்ல வேலையில் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சாக்கை இறக்கி, 'உன் புத்தகங்கள் அம்மா' என்றேன். 'யாருக்காவது கொடுத்துடுங்கப்பா' என்றாள். இப்போது காசிமேட்டுப் பிள்ளைகள் படிப்பவற்றில் பாதி அந்தச் சாக்கிலிருந்து வந்தவை.

பெற்றோரின் மனம் மாறினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இங்கே வீடு என்பது பல இடங்களில் ஓர் அறைதான். பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் அந்த ஓர் அறையிலேயே சமையல், தொலைக்காட்சி, தாத்தாவின் கட்டில் எல்லாம் இருக்கும். வெளியே துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் ஹாரன். தனிமையில் அமர்ந்து மௌனமாகப் படிப்பது என்பது தனி அறை உள்ளவர்களின் வாசிப்பு முறை. அதையே இலக்கணமாக வைத்து 'இந்த வீடுகளில் படிக்கச் சூழல் இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். உரக்கப் படிப்பதற்கு ஓர் அறை போதும். சொல்லப்போனால் அனைவரும் ஓர் அறையில் இருப்பதே அதற்கு வசதி.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பாட்டியும் செய்யக்கூடியது இதில்தான் இருக்கிறது. அவர்கள் படித்துக்காட்ட வேண்டியதில்லை, கேட்டால் போதும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலப் பாடத்தை ஒப்பிக்கும்போது பாட்டியால் தலையை ஆட்ட மட்டுமே முடியும். தமிழ்க் கதையைப் படிக்கும்போது, 'அப்புறம் இன்னா ஆச்சி?' என்று கேட்க முடியும். அந்த ஒரு கேள்விக்காகவே பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பும். படித்து முடித்ததும் 'இதிலிருந்து நீ கற்ற நீதி என்ன?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதைக் கேட்கப் பள்ளியில் ஆள் இருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் கட்டப்பட்டு, தந்தையர் கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. ஆண்டு முழுவதும் கடலில் இருக்கும் தந்தையும், ஆண்டு முழுவதும் பள்ளியில் இருக்கும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அந்த வாரங்களுக்கு என்று ஒரு புத்தகத் திட்டம்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை. பள்ளி முடியும் நாளில் ஆளுக்கு ஐந்து கதைப் புத்தகங்களைக் கையில் கொடுத்து, ஜூன் மாதம் திருப்பித் தரச் சொன்னால் என்ன?

இங்கேதான் பள்ளி நூலகங்களின் பழைய நோய் குறுக்கே வருகிறது. புத்தகம் இருக்கிறது, அலமாரியும் இருக்கிறது, சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆயிரம் புத்தகங்களும் ஒருவரும் தொடாமல் புதிதாகவே இருந்தால் அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பூட்டிவைப்பதற்கு இலாபமும் திறந்துவிடுவதற்குத் தண்டனையும் உள்ள ஏற்பாட்டில் எந்த நியாயமான மனிதரும் பூட்டத்தான் செய்வார். இருப்பில் ஆண்டுக்கு இத்தனை பங்கு கிழியலாம், தொலையலாம் என்று அரசு விதியாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆலைகளில் தேய்மானம் என்று ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறதே, புத்தகத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

பள்ளிக்கல்வித் துறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழ்களை நடத்துகிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு கதை நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. எளிய தமிழில், பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய புத்தகங்கள். அண்மை ஆண்டுகளில் இத்துறையில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று என்பேன். அந்தப் புத்தகங்கள் பள்ளி வாசலைத் தாண்டி வீட்டுக்கும் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பொது நூலகத்துக்கு வருவோம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம். அதன் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா இன்று நூலக வரியாகச் சேர்கிறது. வீட்டு உரிமையாளர் கட்டுகிறார் என்றாலும் வாடகை வழியாக அதன் ஒரு பகுதி குடியிருப்பவர் தலையில்தான் விழும். இந்தப் பகுதியின் கிடங்குகளும் தனியார் ஆலைகளும் கட்டும் சொத்து வரியிலும் அது இருக்கிறது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டன. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் நூலக வரியாக எவ்வளவு வசூலானது, அதே மண்டலங்களின் கிளை நூலகங்களுக்கு எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் மண்டலவாரியாக வெளியிட்டால், மற்றவற்றை மக்களே பேசிக்கொள்வார்கள்.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு அருமையானது. எண்ணூர்க் குழந்தைக்கு அது நகரத்தின் மறுகோடி. அருகில் இருக்கும் கிளை நூலகங்களிலும், புதிதாகத் திறக்கப்படும் படிப்பகங்களிலும் நாற்காலிகளைப் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் நிறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் தேவைதான். ஆனால் எட்டு வயதுக் குழந்தை அங்கே வந்து வாய்விட்டுப் படிக்க முடியாது. அந்தக் குழந்தைக்குத் தேவை நாற்காலி அல்ல, எடுத்துச் செல்ல ஒரு புத்தகம். 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். வாகனத்துக்குப் பஞ்சமே இல்லாத எண்ணூர் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு வண்டியாவது ஓடலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. பை, நோட்டு, காலணி தருகிறார்கள், நல்லதே. அந்தப் பையில் இரண்டு கதைப் புத்தகங்களைப் போடுவதற்குப் பெரிய தொகை ஆகாது.

எந்தக் கதையைப் படிப்பது என்ற கேள்வியும் உண்டு. தமிழில் சிறார் எழுத்து வற்றிவிட்டது என்று சொல்பவர்கள் அண்மையில் புத்தகக் கடைக்குச் செல்லாதவர்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' ஆகியவை சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றவை. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பிள்ளைகள் முதலில் வெள்ளத்தைப் பார்த்தார்கள், பிறகு கழிமுகத்தில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தார்கள், 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு நெடியில் விழித்தெழுந்து பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த இரவைப் பற்றி ஒரு சிறார் கதை, நான் தேடியவரையில் எனக்குக் கிடைக்கவில்லை. யாராவது எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருவரே எழுதினால் இன்னும் நல்லது.

மார்க் வருமா என்று கேட்ட தாய் சென்ற மாதம் மறுபடியும் வந்தார். மகன் எடுத்துச்சென்ற கடற்கதை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அட்டையில் மீன் கவிச்சி. கடைசி இரண்டு தாள்களைக் காணவில்லை. இளைய குழந்தை கிழித்துவிட்டதாம். விலை எவ்வளவு, கட்டிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். போகாமல் நின்றார். 'அந்தப் பையன் கடைசில கரைக்கு வந்துட்டானா சார்? ராத்திரி பூரா எங்க மாமியார் கேட்டுனே இருக்காங்க' என்றார். என் மகளின் சாக்கிலிருந்து வந்த புத்தகம் அது, நான் படித்ததில்லை. அன்றிரவு மகளுக்குத் தொலைபேசியில் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, 'வந்துடுவான்பா' என்றவள், அவன் எப்படி வந்தான் என்பதையும் சொல்லத் தொடங்கினாள்.